மேலே ஏறிய கமெண்ட்

என் அக்காவின் கணவரை அவர் வேலை செய்யும் இடத்தில் "கொடுக்கு" என்றுதான் கூப்பிடுவார்கள். தேளுக்கு இருக்கிற கொடுக்கு. வாயைத் திறந்தால் யாராவது ஒருத்தருக்குக் கடுக்கும். புதுச் சட்டை போட்டு வந்தவரிடம், "ஜன்னல் திரை தைச்சதுல துணி மிஞ்சிடுச்சா?" என்று கேட்பார். கேட்கப்பட்டவரும் சேர்ந்து சிரித்துவிடுவார். முறைத்தால் இரண்டாவது கொட்டு இன்னும் ஆழமாக இறங்கும் என்று எல்லாருக்கும் தெரியும். நான் அவரை அத்தான் என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். அக்காவுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து, அத்தான் பேச்சுக்கு முதல் ஆளாகச் சிரிக்கிற வேலை என்னுடையது. நடந்ததில் அந்த வேலைக்கும் ஒரு பங்கு உண்டு என்பதால் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷ அனுபவம். மோட்டார் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவருடைய கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பவரும் அவர்தான். கரும்பலகையில் கிணறு மாதிரி ஒரு நீளக் கட்டம் போட்டு, அதற்குள் ஒரு பெட்டி வரைவார். பெட்டி இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டால் முதலில் என்ன செய்யக் கூடாது என்று கேட்பார். கதவைத் திறக்கக் கூடாது. பெட்டியின் தரை மாடித் தரைக்கு மேலே நிற்கிறபோது வெளிக்கதவைத் திறந்தால், பெட்டிக்குக் கீழே வாயைப் பிளந்துகொண்டு பள்ளம் தெரியும். பயத்தில் உள்ளேயிருந்து குதிக்கிறவர் கால் வழுக்கி நேராக அதற்குள் போவார். அதனால் கரண்டை நிறுத்தி, மேலே மெஷின் அறையில் பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி, பெட்டியை மாடித் தரைக்குச் சமமாகக் கொண்டுவந்த பிறகுதான் கதவுச் சாவியைத் தொட வேண்டும். இதை நூறு தடவையாவது சொல்லிக் கொடுத்திருப்பார்.

நான் ஒரு சோபா, கட்டில் விற்கிற கடையில் இருக்கிறேன். கடைக்குச் சமூக வலைத்தளத்தில் ஒரு பக்கம் உண்டு. படம் போடுவது, கீழே வருகிற கமெண்டுகளுக்குப் பதில் எழுதுவது, திட்டுகிறவர்களைச் சமாதானப்படுத்துவது எல்லாம் என் பொறுப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அத்தானின் போனில் ஒரு வீடியோ வந்தது. உள்ளூர்ச் செய்திப் பக்கம் ஒன்று போட்டிருந்தது. நாற்பது வினாடி. ஏதோ ஒரு குடியிருப்பில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெண் மாட்டிக்கொண்டிருக்கிறாள். வெளியே எட்டுப் பத்துப் பேர் கத்துகிறார்கள். கதவுக்கு முன்னால் ஒரு மெக்கானிக், வலது கையில் கதவுச் சாவி, இடது கையில் காதோடு ஒட்டிய போன். எதுவும் செய்யாமல் நிற்கிறார். நடுவில் கதவைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரிக்கிறார். வீடியோவைப் போட்டவர் பேச்சையெல்லாம் எடுத்துவிட்டுச் சோகமான இசை ஒன்றைச் சேர்த்திருந்தார். "உயிரோடு விளையாடும் ஊழியர்" என்று தலைப்பு. அந்தக் கதவில் கையகல அகலத்தில் நீளக் கண்ணாடி ஒன்று உண்டு. அதில் அந்தப் பெண்ணின் செருப்பு தெரிந்தது, மெக்கானிக்கின் நெஞ்சு உயரத்தில்.

அத்தான் இரண்டு முறை பார்த்தார். பிறகு கட்டைவிரலால் தட்டித் தட்டி எழுதினார். அவர் கணக்கின் பெயர் "மேல கீழ". படத்துக்கு ஒரு கப்பியின் போட்டோ வைத்திருந்தார். சொந்தப் பெயரோ முகமோ எங்கும் கிடையாது. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்.

"இருபத்திரண்டு வருஷமா லிஃப்ட் வேலை பாக்கறேன். இந்தக் கதவைத் திறக்க ரெண்டு நிமிஷம் போதும். அண்ணனுக்குச் சாவி கையில, மூளை வீட்டுல."

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். போட்ட உடனே முதல் லைக் என்னுடையது.

சாயங்காலம் நான் கிளம்புவதற்குள் அறுநூறு லைக் ஆகியிருந்தது. மறுநாள் இரண்டாயிரம். வீடியோவைத் திறந்தாலே முதலில் கண்ணில் படுகிற கமெண்ட் அதுதான். கீழே ஆயிரத்துச் சொச்சம் கமெண்டுகள் கிடந்தன, அவற்றை யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள். "சாவி கையில, மூளை வீட்டுல" என்பதை எங்கள் கடை டிரைவரே இன்னொருவரைப் பார்த்துச் சொன்னார். எழுதியவர் என் அத்தான் என்று சொல்லிக்கொள்ள எனக்கு நாக்கு துடித்தது, சொல்லியும்விட்டேன். அத்தானும் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் முதலில் போனைத்தான் திறந்தார். யாராவது பாராட்டினால் நன்றி சொன்னார், யாராவது எதிர்த்தால் பதிலுக்குக் கொட்டினார். அக்கா மட்டும் ஒருமுறை கேட்டாளாம், அந்த ஆள் வீட்டிலும் யாராவது இதைப் படிப்பார்களே என்று. படிக்கட்டும், அடுத்த தடவை ஒழுங்காக வேலை பார்ப்பான் என்றாராம்.

ஒன்றரை மாதம் போயிற்று. அத்தானின் கம்பெனிக்குப் புதிதாக ஓர் எட்டு மாடிக் கட்டடத்தின் பராமரிப்பு வேலை கிடைத்தது. முதல் நாள் பார்வையிட அத்தானை அனுப்பினார்கள். நுழைவாயிலில் நின்றபோதே எங்கேயோ பார்த்த இடமாக இருக்கிறதே என்று தோன்றியிருக்கிறது. லிஃப்ட் கதவின் நீளக் கண்ணாடியைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் கூடவே வந்தார். பழைய கம்பெனியை ஏன் மாற்றினீர்கள் என்று அத்தான் ஒரு பேச்சுக்குக் கேட்டாராம். செயலாளர் தன் போனை எடுத்து நீட்டினார். "பாருங்க சார், உங்க தொழில்காரரே ஒருத்தர் எழுதியிருக்காரு. ரெண்டு நிமிஷ வேலையாம். இதைத்தான் அச்செடுத்துப் புகாரோட வெச்சு அனுப்பினேன். அந்தாளை வேலைய விட்டே நிறுத்திட்டாங்க."

அத்தான் தன்னுடைய வரியைத் தானே முதல் தடவை படிப்பவர் போலப் படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். செயலாளர் அதை ஆமோதிப்பு என்று எடுத்துக்கொண்டார்.

பிறகு மெஷின் அறைக்கு ஏறினார். அதன் சாவி செயலாளரிடம் இருந்தது. அறைக்குள் சங்கத்தின் பழைய நாற்காலிகளும் பெயின்ட் டப்பாக்களும் அடுக்கியிருந்தன. ஆனால் மோட்டாரைச் சுற்றி மட்டும் ஒரு துரும்பு இல்லை. கம்பி வடத்தில், எந்த மாடிக்கு எந்த இடம் என்று மஞ்சள் பெயின்டில் அளவாகக் கோடு போட்டிருந்தது. வேலையை மதிக்கிறவன்தான் அப்படிப் போடுவான் என்று அத்தான் பிறகு என்னிடம் சொன்னார். சுவரில் ஆணியில் ஒரு பதிவேடு தொங்கியது. பழைய மெக்கானிக்கின் கையெழுத்து, குண்டு குண்டாக. "மெஷின் அறைச் சாவி ஒன்று கட்டடத்திலேயே இருக்க வேண்டும். செயலாளரிடம் கேட்டேன்." அடுத்த மாதமும் அதே வரி. அதற்கடுத்த மாதமும். கடைசிப் பக்கத்தில், சம்பவம் நடந்த தேதியில்: "லிஃப்ட் நான்கடி மேலே நின்றது. மெஷின் அறைச் சாவி செயலாளர் காரில். அவர் வந்து சேர இருபத்தைந்து நிமிடம். கதவைத் திறக்கவில்லை."

அத்தான் கீழே இறங்கும்போது மூன்றாம் மாடியில் ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். புது மெக்கானிக்கா என்று கேட்டுவிட்டு, அன்றைக்கு உள்ளே மாட்டியது நான்தான் என்று தானாகவே சொன்னாள். குப்பை கொட்டிவிட்டு வரலாம் என்று குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு இறங்கியிருக்கிறாள். திரும்பும்போது லிஃப்ட் நின்றுவிட்டது. வீட்டில் வேறு ஆள் இல்லை. குழந்தை எழுந்து அழுமே என்று பைத்தியம் பிடித்த மாதிரி கதவைக் குத்தியிருக்கிறாள். கதவைத் திற, குதித்துவிடுகிறேன் என்று கெஞ்சியிருக்கிறாள், திட்டியிருக்கிறாள். அந்த மெக்கானிக் அசையவில்லை. மேலே பூட்டிய மெஷின் அறை வாசலில் நிற்கிற தன் கூட்டாளியிடம் போனில் பேசிக்கொண்டே, பக்கத்து வீட்டு அம்மாளைக் குழந்தைக்குக் காவல் போகச் சொல்லியிருக்கிறார். இவளிடம் கதவு வழியாகப் பேச்சுக் கொடுத்திருக்கிறார். தன் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது இடி இடித்தாலும் எழுந்திருக்க மாட்டாள், தான் மெல்ல மிட்டாய் உறையைப் பிரித்தால் எழுந்துவிடுவாள் என்றாராம். அழுகையோடு அழுகையாகத் தனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவரும் சிரித்தார் என்றாள். அந்தச் சிரிப்பைத்தான் வீடியோவில் ஊரே பார்த்தது.

"நானும் எழுதினேங்க, உள்ள இருந்தது நான்தான்னு," என்றாளாம். "கீழ எங்கயோ கெடக்கு. என் தங்கச்சி தேடியே கிடைக்கல."

மறுநாள் மதியம் அத்தான் என் கடைக்கு வந்தார். வேலை நேரத்தில் அவர் வந்ததே கிடையாது. பார்வைக்கு வைத்திருந்த ஒரு சோபாவின் நுனியில், அழுக்குச் சட்டை படக் கூடாது என்பது போல உட்கார்ந்தார். நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டு, அந்த அம்மா எழுதியதைக் கண்டுபிடித்துக் கொடு என்றார்.

வீடியோவைத் திறந்தேன். கமெண்டுகளுக்கு மேலே "மிகவும் பொருத்தமானவை" என்று ஒரு சின்ன எழுத்து இருக்கும். அதைத் தட்டினால்தான் வேறு வரிசைக்கு மாற்ற முடியும் என்பது பலருக்குத் தெரியாது. எல்லாவற்றையும் தேதி வரிசையில் காட்டச் சொல்லிவிட்டுக் கால் மணி நேரம் தள்ளிக்கொண்டே போனேன். கிடைத்தது. "உள்ளே இருந்தது நான்தான். அவர் கதவைத் திறக்காததால்தான் இன்று என் குழந்தையோடு இருக்கிறேன்." மூன்று லைக். அத்தானின் கமெண்டுக்கு அப்போது நாலாயிரத்து முந்நூறு.

"உள்ள இருந்தவ சொல்றா. அதை எப்படிடா கீழ போடுவான்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அங்கே உட்கார்ந்து எது உண்மை என்று யாரும் பார்ப்பதில்லை. எந்தக் கமெண்டில் ஆட்கள் நிற்கிறார்கள், எதைத் தட்டுகிறார்கள், எதற்குக் கீழே சண்டை நடக்கிறது என்று இயந்திரம் எண்ணுகிறது. கூட்டம் கூடுகிற இடத்துக்கே இன்னும் கூட்டத்தை அனுப்புகிறது. அந்தப் பெண் எழுதியதைப் படித்தவர்கள் "அப்படியா" என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார்கள். அதற்குக் கீழே சண்டை போட என்ன இருக்கிறது? உங்கள் வரி சிரிக்க வைத்தது, கோபப்பட வைத்தது. எதிர்த்தவர்களுக்கு நீங்கள் பதில் கொடுத்த ஒவ்வொரு தடவையும் நீங்களே அதை இன்னொரு படி மேலே தூக்கி வைத்தீர்கள். இதைச் சொல்லும்போதே என் முதல் லைக் ஞாபகம் வந்தது. அங்கேயே அதை எடுத்துவிட்டேன். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. அவ்வளவுதான்.

அத்தான் அப்படியானால் நானே எழுதுகிறேன் என்று, தன் கமெண்டுக்குக் கீழே, நான் சொன்னது தவறு, லிஃப்ட் மேலே நின்றது, அந்த மெக்கானிக் செய்ததுதான் சரி என்று எழுதினார். நான் தடுத்திருக்க வேண்டும். இரண்டு வாரமாக அடங்கிக் கிடந்த கமெண்ட் அன்று சாயங்காலமே துள்ளி எழுந்தது. யாரோ மிரட்டிவிட்டார்கள் என்றார் ஒருத்தர். கம்பெனிக்காரன் வாயை அடைத்துவிட்டான் என்றார் இன்னொருத்தர். விளக்கம் முப்பது பதில்களுக்கு அடியில் போய்விட்டது. மேலே நின்றது பழைய வரிதான், இன்னும் ஐந்நூறு லைக்கோடு. எரிகிற கொள்ளியை ஊதி அணைக்கப் போன கதை.

பிறகு ஒரு யோசனை வந்தது எனக்கு. அழிக்க வேண்டாம், அந்தக் கமெண்டையே திருத்தி, கிண்டலை எடுத்துவிட்டு உண்மையை எழுதிவிடலாம். இத்தனை லைக்கும் உண்மைக்குச் சேருமே என்றேன். சாமர்த்தியமாகத்தான் தெரிந்தது. அரை நாள் அது மேலேயே நின்றது. பிறகு புதிதாக வந்தவர்கள் யாரும் அதைத் தட்டவில்லை. மெல்ல இறங்க ஆரம்பித்தது. அதற்குள் யாரோ ஒருவர், முன்னாலேயே படம் பிடித்து வைத்திருந்த பழைய வரியைத் தன் கமெண்டாகப் போட்டு, "மாத்திட்டா விட்டுடுவோமா" என்று எழுதினார். மறுநாள் காலை முதல் இடத்தில் அது நின்றது. இப்போது அது அத்தானுடையது இல்லை, அழிக்கக்கூட முடியாது.

அத்தான் அதைப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அந்தக் கண்ணாடில செருப்பு தெரிஞ்சுது மாப்ள. நெஞ்சு உசரத்துக்கு."

"நீங்க அப்ப கவனிக்கலைல்ல அத்தான்."

"கவனிச்சேன். எழுதறதுக்கு முன்னாடியே கவனிச்சேன். ரெண்டாவது தடவை அதைப் பாக்கத்தான் போட்டேன். பெட்டி மேல நிக்குது, ஆளு சரியாத்தான் நிக்கறாருன்னு புரிஞ்சுது. ஆனா அந்த வரி வந்துடுச்சு. விட மனசு வரல."

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கு எதிரில் உட்கார்ந்து சிரித்துக் கொடுத்தவன் நான்தானே.

அதற்குப் பிறகு அத்தான் நேரில் இறங்கினார். முதலில் தன் மேலாளரிடம் போய்ச் சொன்னார். மேலாளர் கண்டித்து ஒரு கடிதம் கொடுத்தார். பாதுகாப்பு வகுப்பை இனிமேல் நான் எடுக்கக் கூடாது, வேறு யாரையாவது போடுங்கள் என்று அத்தானே கேட்டுக்கொண்டார். அடுத்து அந்தக் கட்டடத்துச் செயலாளரிடம் போனார். "மேல கீழ" என்ற கணக்கு என்னுடையதுதான், நான் எழுதியது பொய் என்றார்.

செயலாளர் முகம் மலர்ந்ததாம். "நீங்களா சார் அது? செம வரி சார். எங்க வாட்ஸாப் குரூப்ல எல்லாரும் அதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தோம்."

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு கூசியிருக்காது என்றார் அத்தான். சாவி உங்கள் காரில் இருந்ததுதான் தாமதத்துக்குக் காரணம், பதிவேட்டில் இருக்கிறது என்று அவர் சொன்னதும் செயலாளரின் குரல் மாறியது. பழசையெல்லாம் எதற்குக் கிளறுகிறீர்கள், நீங்கள் வந்தது லிஃப்டைப் பார்க்கத்தானே என்றார். அத்தான் கையெழுத்திட்டு, சொந்தப் பெயரையும் வேலை செய்யும் கம்பெனியையும் குறிப்பிட்டு, ஒரு கடிதம் எழுதி லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். மறுநாள் அது இல்லை. இன்னொன்று ஒட்டினார். அதுவும் போயிற்று. மூன்றாம் மாடிப் பெண் ஒரு பிரதி கேட்டு வாங்கி, லிஃப்டுக்கு உள்ளேயே, பொத்தான்களுக்கு மேலே ஒட்டினாள். அதை யாரும் கிழிக்கவில்லை. லிஃப்டில் ஏறினால் வேறு எங்கே பார்ப்பது, எல்லாரும் படித்தார்கள். எட்டு மாடி, முப்பத்திரண்டு வீடு. பழைய கம்பெனிக்கும் ஒரு பிரதி அனுப்பினார்.

கடைசியாக மெக்கானிக்கின் வீடு. தனியாகப் போக முடியவில்லை, நீயும் வா என்றார். டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. படிக்கட்டில் ஏறும்போது ரப்பர் வாசனை கூடவே வந்தது. கதவைத் திறந்த மனைவி எங்களைப் பார்த்துவிட்டு, "உள்ள வாங்க" என்று சொல்லாமல் கொஞ்சம் ஒதுங்கி நின்றார். அதையே அழைப்பாக எடுத்துக்கொண்டு நுழைந்தோம். மெக்கானிக் தரையில் செய்தித்தாள் விரித்து, ஒரு தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டுச் செப்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். வேலை போன பிறகு மோட்டார் கடை ஒன்றுக்கு அதைச் செய்து கொடுக்கிறார் போலும். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் ஒரு மகள், ஜன்னலோரம் பள்ளிப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

நாங்கள் வருவதை மூன்றாம் மாடிப் பெண் போனில் சொல்லியிருந்தாள். அதனால் யார் என்று அவர் கேட்கவில்லை. நாற்காலியைக் காட்டினார். அத்தான் உட்காரவில்லை. "நான்தாங்க எழுதினது," என்று மட்டும் சொன்னார்.

அவர் கம்பியை முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"ஆயிரம் பேர் என்னென்னமோ எழுதினாங்க. அவங்களுக்கு லிஃப்ட் தெரியாதுங்க, அதனால எனக்கு அது ஒட்டல. உங்களுக்குத் தெரியும். அதுதான்."

அத்தான் தலையாட்டினார்.

"வேலை போனதுகூடப் பரவால்ல. இவ அதைப் படிச்சிட்டு, ரெண்டு நிமிஷத்துல திறக்க முடியுமாப்பான்னு கேட்டா. முடியும்னுதான் சொன்னேன். சாவி போட்டா திறக்கும், இல்லன்னு பொய் சொல்ல முடியாதே. அதுக்கப்புறம் நான் என்ன சொன்னாலும் சமாளிக்கறேன்னு நினைச்சுக்கிட்டா. ஸ்கூல்ல பிள்ளைங்க வேற அந்த வரியச் சொல்லிச் சொல்லி..." என்று நிறுத்திக்கொண்டார். பிறகு, "எங்கிட்ட மன்னிப்பெல்லாம் வேணாங்க. அவகிட்ட சொல்லுங்க," என்றார்.

நூறு தடவை வகுப்பெடுத்த மனிதர், அந்தச் சிறுமியிடம் ஒரு தாளும் பென்சிலும் வாங்குவதற்குத் தயங்கிக்கொண்டு நின்றார். அவளே கிழித்துக் கொடுத்தாள். தரையில் உட்கார்ந்து கிணறு மாதிரிக் கட்டம் போட்டார், அதற்குள் பெட்டி வரைந்தார். பெட்டிக்குக் கீழே இருக்கிற பள்ளத்தைக் கோடு கோடாகக் கறுப்பாக்கினார். கோடு கட்டத்துக்கு வெளியேயும் போயிற்று. உங்கள் அப்பா அன்றைக்குத் திறந்திருந்தால் அந்த அம்மா இதற்குள்தான் விழுந்திருப்பார், திறக்காமல் இருப்பதுதான் அந்த இடத்தில் வேலை, அதைச் செய்யப் படிப்பும் வேண்டும், தைரியமும் வேண்டும் என்றார். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீடியோவை எத்தனை தடவை பார்த்திருப்பாளோ, அவள் கேட்ட கேள்வியில் தெரிந்தது.

"கதவுல கண்ணாடி இருக்கே. அதுல அவங்க செருப்பு மேல தெரியுது. நீங்க பாக்கலையா?"

பார்க்கவில்லை என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். நானே அவர் அப்படிச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். அத்தான் பென்சிலைக் கீழே வைத்தார்.

"பார்த்தேன்மா."

"அப்புறம் ஏன் எழுதினீங்க?"

"எல்லாரும் சிரிப்பாங்கன்னு."

மெக்கானிக்கின் மனைவி உள்ளே போய்விட்டார். மகள் அத்தானை ஒரு மாதிரி பார்த்தாள். கோபம் என்று சொல்ல முடியாது. வகுப்பில் அவளோடு படிக்கிற யாரையோ பார்ப்பது போலப் பார்த்தாள், அந்த வரியைச் சொல்லிச் சிரித்த பிள்ளைகளில் ஒருத்தரைப் போல. பிறகு தாளை மடித்துத் தன் நோட்டுக்குள் வைத்துக்கொண்டு, அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் பிடித்திருந்த கம்பிச் சுருளின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். அவர் விட்ட இடத்திலிருந்து சுற்ற ஆரம்பித்தார். எங்களைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

பழைய கம்பெனி கடிதத்தைப் படித்துவிட்டு அந்த மெக்கானிக்கைத் திரும்பக் கூப்பிட்டது. ஒரு கமெண்டை நம்பி வேலையை விட்டு அனுப்பியவர்களிடம் மறுபடி போவதாக இல்லை என்று அவர் மறுத்துவிட்டார். மூன்றாம் மாடிப் பெண் வேலை பார்க்கிற மருத்துவமனையில் லிஃப்ட் பராமரிக்க ஆள் தேவைப்பட்டது. அங்கே சேர்ந்துவிட்டார். அத்தானின் தயவு அதில் எதுவும் இல்லை. அந்தக் குடியிருப்பில் மெஷின் அறைச் சாவி இப்போது காவலாளியின் மேஜையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. வீடியோ இன்னும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. யாராவது புதிதாகத் திறந்து பார்த்தால், முதலில் வருவது யாரோ ஒருவர் போட்ட பழைய வரியின் படம்தான்.

அத்தான் கணக்கை மூடிவிட்டார். வேலை செய்யும் இடத்தில் கொடுக்கு என்ற பெயர் மட்டும் மாறவில்லை, கொட்டுவதுதான் இல்லை. சிரிக்க எதுவும் இல்லாத மாதிரி வீடு கிடக்கிறது என்று அக்கா என்னிடம் குறைபட்டுக்கொண்டாள்.

போன மாதம் லிஃப்ட் சாமான் கடையில் அத்தானும் அந்த மெக்கானிக்கும் எதிர்ப்பட்டிருக்கிறார்கள். அத்தான் வெளியே நழுவப் பார்த்தாராம். மெக்கானிக்தான் கையிலிருந்த கதவு உருளை ஒன்றை நீட்டி, இது பழைய மாடலுக்குச் சேருமா என்று கேட்டார். அத்தான் வாங்கி, கடைக்காரரிடம் அளவுகோல் கேட்டு, இரண்டு பக்கமும் அளந்து பார்த்தார். "அரை மில்லி கம்மிங்க, இது வேணாம்," என்றார். அவர் சரி என்று வேறொன்று எடுத்துக்கொண்டு போனார். இதை அத்தான் என்னிடம் சொன்னபோது, உருளையின் அளவையும், கடைக்காரர் அளவுகோலைத் தேடியதையும் விவரமாகச் சொன்னார். மெக்கானிக்கின் முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன். நிமிர்ந்து பார்க்கவில்லை மாப்ள என்றார்.